முதல் கிண்ணம்

"பீற்றர் அண்ணை பல்கனிக்கு வந்திட்டாரோ, இல்லையோ?" குசினி அடுப்படியிலிருந்து மனைவி ஐறீன் கத்தினாள்.

"இன்னும் இல்லை," என்றார் ஒஸ்வால்ட். சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் பீற்றரின் வீடும் அவருடைய வீடும் எதிரெதிர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒஸ்வால்டுக்குத் தவக்காலம் வந்தால் ஒரு பித்துப் பிடிக்கும். மீனும் இறைச்சியும் இல்லாத வெள்ளிக்கிழமைகளில், பங்குனி மழைக்குக் களனி ஆற்றோரம் தானாக முளைத்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வருவார். கீரையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அது பச்சையாக இருக்கும்.

ஆனால் மனுசன் தாராளமானவர். சமைத்ததும் முதல் கிண்ணம் பீற்றருக்குத்தான். பின்னேரம் பீற்றர் பல்கனிக்கு வந்து கையாட்டுவார். அதைக் கண்ட பிறகுதான் ஒஸ்வால்ட் வீட்டில் சோறு போடுவார்கள்.

"அயலானை நேசி எண்டுதான் ஆண்டவர் சொன்னவர். அயலானுக்குக் குடுத்துச் சோதிச்சுப் பார் எண்டு சொல்லேல்லை," என்றாள் ஐறீன்.

"மெல்லக் கதையப்பா! இவ்வளவு வருசமும் அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"இண்டைக்குக் கொண்டுவந்த இலையில பால் வடிஞ்சுது. கறி நீலமாக் கிடந்துது."

ஒரு வாய்கூட உண்ணாமல் ஒஸ்வால்ட் வாசலுக்கும் பல்கனிக்கும் நடந்தார். இருட்டிவிட்டது. எதிர்வீட்டில் விளக்கில்லை. பீற்றரின் மனைவி மெற்றில்டாவின் சத்தமும் இல்லை. பென்சன் எடுக்கவும் மருந்து வாங்கவும் சோடியாகப் போகிற ஒரே சிநேகிதன்!

'அந்தோனியாரே, அவனை மட்டும் காப்பாற்றும். இனிப் புல்லைக்கூட மிதிக்கமாட்டேன்.'

செருப்பும் போடாமல் ஓடினார். எதிர்ப்பக்கப் படிகளில் மூச்சு வாங்க ஏறிக் கதவை இடித்தார். உள்ளே விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

வெள்ளைச் சேர்ட்டோடு பீற்றர்! உயிரோடு!

"மச்சான்... அந்தக் கீரை..." என்று இழுத்தார் ஒஸ்வால்ட்.

பீற்றர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பாய்ந்து கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"கறியின்ர நிறத்தைக் கண்டு பயந்துபோய், கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குப் போன இடத்தில உனக்கெண்டு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு இப்பத்தான்ரா வாறம்."

உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "மெற்றில்டா, ஒஸ்வால்ட் சாப்பிட்டும் வழக்கம்போல நல்லாத்தான் இருக்கிறான். இனிக் கீரையைச் சூடாக்கு!"