ஆர்ட்டின் இரண்டு

சீட்டுக்கட்டு புதிதாயிருந்தபோது கலைக்கையில் எழுந்த ஓசையை ஜோக்கர் மறக்கவே இல்லை. புறாக்கள் ஒன்றாய் எழும்புவதுபோல் இருக்கும். அந்தச் சலசலப்பில்தான், எவரையும் வெல்லும் ஜோக்கர், வேடிக்கை பார்க்கும் ஆசையில், எல்லாரிடமும் தோற்கும் சின்னச் சீட்டான ஆர்ட்டின் இரண்டின் காதைக் கடித்தது.

"ராஜா உன்னை மதிக்கிறதே இல்லை, தம்பி. பாய்க்கடியில ஒளிஞ்சுக்க. தேடட்டும்."

"சரிண்ணே," என்று ஒளிந்த இரண்டு, மறுநாள் குப்பையோடு போனது.

"ஒரு சீட்டு குறையுது. கட்டையே தூக்கிப் போடு," என்றார் ஆட வந்தவர்.

ஜோக்கர் தானே நழுவி அவர் முன் மல்லாந்து விழுந்தது.

"இது மேலேயே ஆர்ட்டின் ரெண்டுன்னு எழுதிக்கலாமே," என்று அவர் பேனாவைத் திறந்தார்.

"மை அழியாதுடா. இனி எல்லார்கிட்டயும் தோத்துப்போவே," என்றது ராஜா.

"தெரியும். அவன் என்னை அண்ணேன்னு கூப்பிட்டான்."

கட்டு நைந்துபோகும்வரை ஜோக்கர் ஆர்ட்டின் இரண்டாகவே இருந்து தோற்றது.