உராய்வு 0.7

விபத்து விசாரணை அறையின் திரையில் செண்பகவல்லியின் கணவர் ஒரு வளைகோடாகச் சறுக்கிப்போய்ச் செத்தார். பைக் சறுக்கிய தூரத்தை வைத்து, வேகம் கணிக்கும் கருவி தீர்ப்புச் சொன்னது: உராய்வு 0.7, வேகம் எழுபத்தைந்து, தவறு ஓட்டியவருடையது.

“ரோட்டுல கான்ட்ராக்டர் மணலைக் கொட்டிப் போட்டிருந்தான் சார். உராய்வு 0.7ன்னு எப்படிப் போட்டீங்க?”

“எல்லா ரோட்டுக்கும் அதே நம்பர்தாம்மா,” என்றார் அதிகாரி.

“மணலுக்குமா?”

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்த செண்பகவல்லி எழுந்துபோய்த் திரையில் அந்த எண்ணை 0.2க்கு இழுத்தாள். வேகம் நாற்பதாக இறங்கியது. கணவர் என்றும் ஓட்டும் வேகம். கீழே சிவப்பு எழுத்து வந்தது: ‘எண்ணை மாற்றுவது மாணவர் பயிற்சிக்கு மட்டும். தீர்ப்பில் சேராது.’

“கையை எடுங்கம்மா, வெளியே அடுத்த கேஸ் காத்திருக்கு.”

“அவங்களையும் உள்ள கூப்பிடுங்க சார். அவங்க ரோட்டுல என்ன கிடந்துச்சுன்னு கேட்போம்.”