சோதனை ஓட்டம்

வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் பணத்தைத் திரட்டியாக வேண்டும். வேறு வழியில்லாமல் ஹைதம் தன் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை விற்க விளம்பரம் கொடுத்தான். மறுநாளே ஓமானின் இன்னொரு கோடியான ஸூர் நகரிலிருந்து கல்ஃபான் என்ற பெரியவர் ஹைதமின் ஊரான ஸுஹாருக்கு வந்துவிட்டார்.

"பென்ஷன் காசு தம்பி. எண்ணூறு ரியாலுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

"ஆயிரத்து இருநூறு போட்டிருக்கேனே, பெரியவரே!"

"கிழட்டு வண்டிக்கா? மெதுவாப் போச்சுன்னா என் மகன் சீண்டக்கூட மாட்டான்."

ஹைதமுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மெதுவாவா? மஸ்கட் ரோட்டுல இருநூத்துப் பத்துல பறந்திருக்கேன்!"

"சும்மா அளக்காதே."

ஹைதம் போனை நீட்டினான். "பாருங்க, போன மாசம் மட்டும் ஏழு அபராதம். இதுலயே பந்தயம் ஓட்டி நாலு பேரைத் தோற்கடிச்சிருக்கேன்."

"வீட்டுல ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"பள்ளிவாசலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே கிளம்புவேன்!"

பெரியவரும் சேர்ந்து சிரித்தார். பேரம் ஆயிரத்தில் முடிந்தது. பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஹைதமுக்குத் தலைகால் புரியவில்லை. மஹர் பணத்தில் இன்னும் சேராமல் இருந்தது இந்த ஆயிரம்தான். "உள்ள வாங்க, பேரீச்சம்பழம் சாப்பிட்டு ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

"வேண்டாம்பா. நாங்க சம்மதம் சொல்லாத வீட்டுல காப்பி குடிக்கிறதில்ல."

"அதான் காரை வாங்கிட்டீங்களே?"

"கார் பிடிச்சிருக்கு, எடுத்துக்கிட்டேன்" என்றார் பெரியவர், காரில் ஏறியபடி. "மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கத்தான் வந்தேன். உனக்குப் பேசியிருக்கிற ஷம்சா என் தம்பி மகள். அவளைக் கொடுக்கிறதா இல்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லிடு."