சந்தனத்துக்கு அடியில்

ரத்த வங்கிக் கணினியில் அன்று காலைதான் எல்லாம் மாறியிருந்தது. பதினோரு வருடமாகத் தெய்வானையின் விரல்களுக்குப் பழகிய நீலத்திரை போய், புது மென்பொருளின் வெள்ளைத்திரை வந்திருந்தது. "பழசையே குடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன்" என்று அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஓடிவந்து நின்றார். "அக்கா, ஓ நெகட்டிவ் வேணும். என் சம்சாரத்துக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கலை." எந்தப் பை எங்கே இருக்கிறது என்பது கணினிக்குத்தான் தெரியும். ரத்த வகையைத் தேர்ந்தெடுக்கும் இடமோ கண்ணில் படவில்லை, பாருங்கள். "வலது மூலையில, சந்தனத்துக்கு அடியிலடி!" என்று பக்கத்து மேசைப் பரிமளா கத்தினாள். ஆயுத பூசைக்குத் திரையில் இழுத்த மூன்று விரல் பட்டை அது. அடுத்த பூசைவரை அதை யாரும் தொடுவதில்லை. பழைய திரையில் அந்த மூலை காலியாக இருந்தது. "போன வருஷம் துடைச்ச அன்னிக்கே ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சேடி" என்றாள் தெய்வானை. விரல் சந்தனம்வரை போய்த் திரும்பி வந்தது, பாவம். வெளியே நின்றவருக்கு அதெல்லாம் புரியவில்லை. தன் கைக்குட்டையை மட்டும் உள்ளே நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாள். காய்ந்த சந்தனம் மேசையில் பொடியாக உதிர்ந்தது. வகையைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். திரை நடுவே ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. "சுத்துதே, நல்லதாக்கா?" என்றார் அவர். "தெரியலை தம்பி. நானும் இப்பத்தான் பாக்குறேன்."