ஆமையைப் பார்க்கப் போன நாரை

கண் மங்கிப்போன கிழட்டு ஆமை ஒன்று, ஒரு குரங்கின் பராமரிப்பில் இருந்ததாம். குளக்கரையில் யாருக்குத் துன்பம் என்றாலும் போய் விசாரிக்கும் பொறுப்பு நாரைக்கு.

ஒரு நாள் அணில் மூச்சிரைக்க ஓடிவந்தது. “நாரையண்ணே, அந்தக் குரங்கு பெரியவரை வெயில்ல மல்லாக்கத் தள்ளிப் போட்டிருக்கு. என்னால புரட்ட முடியலை. சாயங்காலத்துக்குள்ள காய்ஞ்சு செத்துருவாரு.”

“பதறாதே. முறைப்படி பார்த்துட்டு வரேன்” என்று நாரை கிளம்பியது.

குரங்கு எதிரே வந்து வரவேற்றது. “வாங்கய்யா, நின்னுக்கிட்டே பேசினா எப்படி?” என்று மல்லாந்து கிடந்த ஆமையின் வயிற்றைத் துடைத்துவிட்டது. நாரை அதன்மேல் உட்கார்ந்தது.

“பெரியவர் எப்படி இருக்கார்?”

“அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார்.”

“தம்பி, என்னைக் கொஞ்சம் புரட்டி விடுப்பா” என்றது ஆமை, அடியிலிருந்து.

நாரை கழுத்தைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டது. குரங்கு கொடுத்த மீனைத் தின்றுவிட்டுத் திரும்பியது.

அணில் வழியிலேயே காத்திருந்தது. “என்னண்ணே ஆச்சு?”

“வீணா கிளப்பிவிடாதே. பெரியவர் கணீர்னு பேசுறார். மேல உட்கார்ந்தே பார்த்துட்டேன், ஆள் கல்லு மாதிரி இருக்கார்.”