இந்த வருஷ மாடல்

"அண்ணி, இது தானா சாயுதா, இல்ல நீங்க சாய்க்கிறீங்களா?"

மேஜைமேல் திறந்து வைத்திருந்த புத்தம்புது லேப்டாப்பின் திரை, யாரும் தொடாமலே மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. தூக்கம் வந்தவன் தலை மாதிரி.

அண்ணி அதை மூடினாள். இடது பக்கம் சரியாக உட்கார்ந்தது. வலது பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து அந்த இடுக்கில் நுழைத்துப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தது.

"இதையும் எடுத்துக்கோ."

நாத்தனார் கேமராவைக் கிட்டே கொண்டுபோனாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். அண்ணி லேப்டாப்களை அலசி ஆராய்ந்து வீடியோ போடுகிறவள். அதைப் படம்பிடித்து வெட்டி ஒட்டுவது எதிர்க்கட்சி. இரண்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள். அண்ணி 'வாங்கலாம்' என்றால் வாங்குகிறார்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கம்பெனிதான் சந்தையில் முதலிடம். வருஷத்துக்கு ஒரு புது மாடல். விற்பனை தொடங்குவதற்கு முன்பே அண்ணிக்கு ஒன்றை அனுப்பிவிடுவார்கள். நாலு வருஷமாக, நாலு மாடலுக்கும் அண்ணி சொன்னது ஒரே தீர்ப்பு: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இது ஐந்தாவது. விற்பனை நாளைக் காலை. வீடியோ இன்று மாலை ஆறு மணிக்கு.

"ஸ்பேஸ் கீயை ஒரு தடவை தட்டினா ரெண்டு தடவை விழுது," என்றாள் அண்ணி. "ஃபேன் போடுற சத்தத்துல நீ பேசுறதே எனக்குக் கேக்கல."

"அப்ப அது ஒண்ணை நல்ல அம்சம்னு போட்டுடுங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் அதிசயமா இல்ல அண்ணி. போன வருஷ மாடலை நீங்க சொல்லித்தானே வாங்கினேன்? மூணே மாசத்துல கீ கழண்டு கையில வந்துச்சு. அப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"நீ தட்டுற தட்டுக்குக் கருங்கல்லே பேந்துடும்னு சொன்னீங்க."

"உன் கை அப்படிடீ."

"சரி, என் கை உலக்கை. கமெண்ட்ல வந்து அழுதாங்களே, அத்தனை பேர் கையும் உலக்கையா?"

அண்ணி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. போன வருஷ மாடலை இதே மேஜையில வச்சு இருபது நாள் பாடாப் படுத்தினேன். ஒரு ஸ்க்ரூ அசையல. சொக்கத்தங்கம். அதுக்கு முந்தின மூணும் அப்படித்தான். நான் கண்ணால பாக்காத எதையும் வீடியோவுல சொன்னதில்ல. எங்கிட்ட இருக்கிற ஒரே சொத்து அதுதான். ஒரு தடவை பொய்யாச்சுன்னா அதோட கடையைக் கட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்ப இதையும் கண்ணால பாத்தபடி சொல்லிடுங்க."

"சொன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து அனுப்ப மாட்டாங்க."

"அனுப்பாட்டி போகட்டும். சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

அண்ணி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். விளக்கைப் போடச் சொன்னாள். கேமராவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"நாலு வருஷம் தங்கமா குடுத்த கம்பெனி, இந்த வருஷம் கோட்டை விட்டுடுச்சு. தரம் சரிஞ்சுபோச்சு. இந்த மாடலை வாங்காதீங்க. பழைய மாடல் கிடைச்சா அதைத் தைரியமா வாங்குங்க."

"அடேங்கப்பா," என்றாள் எதிர்க்கட்சி. வீட்டில் அவள் யாரையும் பாராட்டி யாரும் கேட்டதில்லை. "இது தீர்ப்பு!"

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. குறை சொல்வதாக இருந்தால், வீடியோ போடுவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதி விளக்கம் கேட்டுவிடுவாள். பதில் வந்தால் அதையும் சேர்த்துப் போடுவாள். அன்றும் குறைகளை வரிசையாக எழுதி அனுப்பினாள்.

பத்தாவது நிமிஷம் போன் அடித்தது. கம்பெனியின் விளம்பர அதிகாரி.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்று கிசுகிசுத்தாள் எதிர்க்கட்சி.

"மேடம், வீடியோ போட்டுட்டீங்களா?"

"ஆறு மணிக்குத்தான் சார்."

"அப்பாடா!" அவர் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. "வயித்துல பாலை வார்த்தீங்க."

"சார், சுத்தி வளைக்காம கேக்குறேன். ஏன் தரம் இப்படி விழுந்துபோச்சு? ஆளை மாத்தினீங்களா, பொருளை மாத்தினீங்களா?"

"தரமா?" அவர் குரலில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ஒண்ணையுமே மாத்தல மேடம். அதே ஃபேக்டரி, அதே ஆளுங்க. அஞ்சு வருஷமா ஒரே மாதிரிதான் செஞ்சிட்டிருக்கோம்."

எதிர்க்கட்சி புருவத்தை உயர்த்தினாள். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் கண்ணு முன்னாடி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது சார். அப்ப இது என்ன?"

"அது எங்க குடோன்ல நடந்த குளறுபடி மேடம். புதுசா சேந்தவருக்கு விவரம் தெரியல, கைக்குக் கிடைச்சதைத் தூக்கி அனுப்பிட்டார். உங்களுக்குன்னு எல்லா வருஷமும் போல நூறு பெட்டியைப் பிரிச்சு, சோதிச்சுப் பாத்து, ஒண்ணே ஒண்ணு பொறுக்கி வச்சிருக்கோம். இதோ ஆள் கிளம்பிட்டார், மாத்திக் குடுத்துடுவார்."

அண்ணி மேஜைமேல் இருந்ததைப் பார்த்தாள்.

"அப்ப இப்ப எங்கிட்ட இருக்கிறது?"

"அதுவா மேடம்," என்றார் அவர், வெகு சாதாரணமாக. "அது ஜனங்களுக்கு விக்கிறது."