கடைசி வரியில் ஒரு ‘இஸ்’

“ஒரு வரியில ‘இஸ்’, அடுத்த வரியில ‘வாஸ்’. ஆள் இருக்காரா, போயிட்டாரா?” ஆங்கில நாளிதழின் செய்தி ஆசிரியர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

உதவி ஆசிரியை தாளை எட்டிப் பார்த்தாள். “இருக்கார். நீங்கதானே முன்கூட்டியே எழுதச் சொன்னீங்க?”

“இரங்கல் கட்டுரைன்னா முழுக்க இறந்தகாலம். மாத்து.”

தன் பேனாவால் ஒவ்வொன்றாக மாற்றினாள்.

“கடைசி வரியில ‘இஸ்’ அப்படியே நிக்குதே?”

“அது ‘மனைவி இருக்கிறார்’ங்கிற வரி. அவ இருப்பாள்ல?”

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்தாள். “ஆபரேஷனுக்கு நேரமாச்சு சார். மேடம், வெளியில இருங்க.”

அவர் பேனாவை உதவி ஆசிரியையான தன் மனைவியிடம் நீட்டினார். “நான் திரும்பி வர்றவரைக்கும் என்னைப் பத்தின வரியெல்லாம் ‘இஸ்’ஸாவே இருக்கட்டும். மறுபடி மாத்தி வை. வந்து திருத்துறேன்.”